சயாமிலிருந்து வந்த முகம்

மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்களில் இப்போது சிலர்தான் மிஞ்சியிருக்கிறோம். கோயில் மண்டபத்தில் பார்த்துக்கொண்டால் போதும், ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்துப் பேச்சு வந்துவிடும். கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தோம், சாக்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டோம், அர்த்தம் தெரியாமல் பள்ளியில் பாடிய ஜப்பான் பாட்டு இன்னும் வாயில் வருகிறது பார் என்று நீங்கள் சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், பாதியில் நின்றுவிடும். எழுதும்போது அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். பின்பக்கம் தண்டவாளம், அதைத் தாண்டினால் ஆறு. எந்நேரமும் கரிப்புகை. அம்மா துவைத்துக் காயப்போட்ட துணியை உதறினால் கரித்துகள் பறக்கும். அப்பா இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டர். அடர்ந்த மீசை, அகன்ற தோள். வேலை முடிந்து வந்தால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துத் தொங்குவார்கள். ஒவ்வோர் இன்ஜினும் எப்படிக் கூவும் என்று உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ரயில் வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருக்கும்.

ஜப்பான்காரன் வந்த மறுவருடம் ரயில் ஆட்களை வடக்கே சயாம் நாட்டுக்கு அனுப்பினான். காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். எங்கள் வரிசையிலேயே பல வீடுகளிலிருந்து ஆண்கள் போனார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. தங்கச்சி இரண்டு வயது இடுப்புக் குழந்தை.

அப்பாவை அவள் மறந்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரே கவலை. ஸ்டூடியோவில் எடுத்த அப்பாவின் படம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. கோட்டுப் போட்டு, மீசையை முறுக்கி, நாற்காலி முதுகில் கை வைத்து நிற்பார். சாயங்காலம் செம்பனை எண்ணெய் விளக்கை ஏற்றியதும் அம்மா தங்கச்சியைத் தூக்கிப் பிடிப்பாள். அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "அப்பா, சீக்கிரம் வாங்க" என்பாள். பிறகு ஒரு முத்தம். கண்ணாடியில் அவள் எச்சில் காய்ந்து வட்டமாகப் படிந்திருக்கும். அம்மா அதைத் துடைக்கவே மாட்டாள்.

அம்மா நல்லதை நினைத்துத்தான் செய்தாள். அதனால் எங்களுக்கு என்ன வந்தது என்பதைக் கேளுங்கள்.

தங்கச்சிக்கு நான்கு வயது ஆகப்போகிற சமயம், ஒரு மத்தியான வேளையில் அப்பா வந்தார். நோயாளிகளைச் சரக்கு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தது. காலைப் பார்த்துத்தான் அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். சத்தம் போடாமல் போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, தண்ணீர் கொடுத்தாள். குடிப்பதற்காக அவர் துண்டை இறக்கினார்.

மலையை வெடி வைத்து உடைத்த இடத்தில் கல் பறந்து வந்து முகத்தில் அடித்திருக்கிறது. ஒரு கண் மூடி ஒட்டியிருந்தது. மூக்கின் நடுத்தண்டு உள்ளே போயிருந்தது. மேலுதடு கிழிந்து, ஆறும்போது மேலே இழுத்துக்கொண்டு, பற்கள் எப்போதும் தெரிந்தன. தாடைக்குக் கீழே புண் இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது.

தங்கச்சி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "அப்பாதான்டி கண்ணு, அப்பா வந்துட்டாரு" என்று அம்மா அவளை அருகில் கொண்டுபோனாள். அவள் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு சுவரைக் காட்டினாள்.

"அது அப்பா இல்ல! அப்பா அங்க இருக்காரு!"

அப்பா துண்டை மறுபடி ஏற்றிச் சுற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து பின்கட்டு அறைதான் அவருக்கு. அதன் வாசலில் அம்மா சாக்கைக் கிழித்துத் திரையாகக் கட்டினாள். குழந்தை பயப்படக் கூடாது, அவரும் கூனிக் குறுகக் கூடாது என்று எண்ணம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியில் சுற்றி அரிசி இல்லாத அரிசிப் பானைக்குள் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டை நான்தான் திரைக்கு உள்ளே தள்ளிவிட்டு வருவேன். உள்ளேயிருந்து ஏதோ சொல்வார். எனக்கு முதலில் ஒன்றும் புரியாது. அங்கேயே நின்று திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அந்தப் பேச்சு எனக்குப் பழகியது.

திரை கட்டிய பிறகு குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. பின்பக்க வேலியில் பிள்ளைகள் ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். சாக்கு அசைந்தால் போதும், "சயாம் பூச்சாண்டி" என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். அப்பா கையில் தொங்கி விளையாடிய அதே பிள்ளைகள்தான். பெரியவர்கள் அவர்களை அதட்டவில்லை. அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் அடுத்த வீட்டில் ரயில் கார்டு வேலை பார்த்தவரின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், தன் பிள்ளைக்குக் கிழங்கு ஊட்டும்போது உரக்கச் சொல்வார்: "முழுங்குறியா, இல்ல சயாம் பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுக்கட்டுமா?"

நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அந்தக் குரல் வரும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் தட்டுச் சத்தம் நின்றுவிடும்.

அத்தையை அன்று நான் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவர் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் தன் வீட்டுக்காரர் எப்படி வருவாரோ என்று அந்த அம்மாளுக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும். பயத்தைப் பூச்சாண்டியாக்கிவிட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும் அல்லவா? ஆனால் எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

வரிசையின் கடைசி வீட்டில் டிக்கெட் செக்கர் குடும்பம். அவர் தங்கை கிள்ளானில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர். ஜப்பான்காரன் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டதும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, வேகமாக நடப்பார். நர்ஸ்களை நாம் மிஸ்ஸி என்றுதானே சொல்வோம்; எங்களுக்கு அவர் மிஸ்ஸி அக்கா. அப்பாவின் புண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். மருந்து எங்கே கிடைத்தது அப்போது? கொய்யா இலையைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டுக் கழுவுவார். பழைய வேட்டியைக் கிழித்து வேகவைத்துக் காயவைத்துக் கட்டுவார்.

முதல் நாளே திரையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"எதுக்குக்கா சாக்கு கட்டி வெச்சிருக்கீங்க? காத்து வந்தாத்தான லா புண்ணு ஆறும்."

"பிள்ளைங்க பயப்படுதுங்க மிஸ்ஸி."

"பாக்க விடாம வெச்சா பயப்படத்தான் செய்யும். வார்டுல தீக்காயக்காரங்களப் பாக்க அவங்க பிள்ளைங்க வரும். கூட வர்ற பெரியவங்க கண்ணைப் பொத்தினாத்தான் அதுங்க கத்தும். பொத்தாம விட்டா கொஞ்ச நேரம் பாக்கும், அப்புறம் பிஸ்கட் இருக்கான்னு கேக்கும்."

அம்மா வெந்நீர் கொண்டுவரப் போனாள். திரையை எடுக்கவில்லை.

மிஸ்ஸி அக்கா அதற்கு மேல் அம்மாவை வற்புறுத்தாமல் அப்பாவிடம் கேட்டார். நான் வெந்நீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "அண்ணே, பிள்ளைங்க வேலியில தொங்கிக்கிட்டு எட்டிப் பாக்குது. நேரா வந்து பாக்கச் சொல்லட்டுமா? கேட்டா பதில் சொல்வீங்களா? வேணாம்னா வேணாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்." அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். தினமும் வந்து கட்டுப் போட்டுவிட்டு, கிள்ளான் ஆற்று மீன், அண்ணன் மனைவியின் கோபம் என்று எதையாவது பேசிவிட்டுப் போவார். ஒரு காலை, கட்டை அவிழ்க்கும்போது அப்பா தானாகவே, "சரி" என்றார்.

அன்று பிற்பகல் பொதுக் குழாயடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி அக்கா வந்து குத்துக்காலிட்டு அமர்ந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"இவ அப்பாவைத் தெரியுமில்ல? உங்களைத் தூக்கி விளையாடின மாமாதான். சயாம்ல பாறைக்கு வெடி வெச்சப்போ கல்லு முகத்துல பட்டுடுச்சு. ஒரு கண்ணு போச்சு, உதடு கிழிஞ்சு போச்சு. அது ஒட்டிக்காது, தொத்திக்காது. பாக்கணுமா?"

பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள்.

"பாக்கணும்னா வேலி மேல ஏறக் கூடாது. முன்னால போய் நிக்கணும். முதல்ல உன் பேரைச் சொல்லு, அப்புறம் பாரு. எதாச்சும் கேக்கணும்னா அவரையே கேளு. அவரு தலையாட்டிட்டா விட்டுடணும். பயமா இருந்தா ஓடாதே. 'பயமா இருக்கு மாமா, அப்புறம் வரேன்'னு சொல்லிட்டுப் போ. அது தப்பில்ல."

இவ்வளவுதான் அவர் கற்றுக்கொடுத்தது. பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டவும் இல்லை.

தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மகன்தான் வேலி ஏறுவதில் முதல் ஆள். அவனையே முதலில் கூட்டிவந்தார். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். அக்கா திரையை ஓரமாகத் தள்ளினார். அப்பா முகத்தில் துண்டில்லாமல் பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. பையன் தன் பெயரைச் சொன்னான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "வலிக்குதா மாமா?"

"இல்ல. காத்து அடிச்சா எரியுது."

அவனுக்குப் புரியவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். துப்புரவுத் தொழிலாளியின் மகள், ஐந்து வயதிருக்கும், இன்னும் கிட்டே வந்தாள். "அந்தக் கண்ணு தூங்குதா?"

"அது எழுந்துக்கிறதே இல்ல," என்றார் அப்பா. அதையும் நான் சொன்னேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். இன்னொரு குட்டிப் பையன் பெயரைச் சொல்லிவிட்டு, "பயமா இருக்கு மாமா, அப்புறம் வரேன்" என்று மரியாதையாகப் போனான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனான். மறுபடி வந்தான். மூன்றாம் முறை அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

பாயிண்ட்ஸ்மேன் மகன் கேட்டான்: "நீங்க ஏன் மாமா ஒரு மாதிரிப் பேசுறீங்க?"

அப்பா மிஸ்ஸி அக்காவைப் பார்த்தார். அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் விரலால மேலுதட்டைத் தூக்கிப் பிடிங்க. விடாதீங்க. இப்ப 'அம்மா' சொல்லுங்க, பாப்போம்."

அத்தனை பேரும் உதட்டைத் தூக்கிக்கொண்டு 'ஆ... ஆ...' என்றார்கள். 'அப்பா'வும் வரவில்லை. 'மாமா' வரவில்லை, 'வா' என்பதும் வரவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்து ஒரு எட்டு வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். புது முகத்தில் அவர் சிரிப்பு எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"உதடு சேர்ந்தாத்தான் ப வரும், ம வரும். மாமாவுக்கு உதடு சேரல. மத்ததெல்லாம் வரும்," என்றார் அக்கா.

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கிடைத்துவிட்டது. "யானை!" என்றான் ஒருவன். அப்பா, "யானை" என்றார். "கத்தரிக்கா!" வந்தது. "பாம்பு!" என்றது ஒன்று. "வராது, வராது!" என்று எல்லோரும் கத்தினார்கள். "ரொட்டி!" "வரும்! ஆனா கிடைக்காது!" பசியை அப்படிச் சொல்லிச் சிரித்த பிள்ளைகள் நாம்.

பிறகுதான் பெயர்ப் பிரச்சினை வந்தது. பாயிண்ட்ஸ்மேன் மகன் பெயரில் அப்பாவுக்கு வராத எழுத்து இரண்டு இருந்தது. அவன் முகம் வாடிப் போய், "அப்ப என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றான். அப்பா யோசித்து, "நரி" என்றார். வேலி ஏறியதற்கா, முழிக்கு ஏற்றதா, தெரியாது. அவன் குதித்தான். உடனே எல்லோருக்கும் வேறு பெயர் வேண்டியிருந்தது, வராத எழுத்து இல்லாதவர்களுக்கும் கூட. துப்புரவுத் தொழிலாளியின் மகள் கிளி ஆனாள். இரண்டு முறை பயந்து போய் வந்தவன் யானை. அவன் எவ்வளவு பெருமையாக எழுந்து நின்றான் தெரியுமா!

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். தங்கச்சி சமையலறையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்குள் ஊர்ப் பிள்ளைகள் வந்து நரி என்றும் கிளி என்றும் பெயர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அம்மா அவளை உள்ளே தள்ளப் பார்த்தபோது மிஸ்ஸி அக்கா தடுத்துவிட்டார். "விடுங்கக்கா. அவளே போவா."

போனாள். ஒரு பிற்பகல், பிள்ளைகளை முழங்கையால் இடித்து விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு?"

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவால் அது முடியாது. சயாமிலிருந்து வந்தது முதல் அவர் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"ராசாத்தி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நரி, கிளி, எலி, யானை எல்லாவற்றையும்விட இது பெரியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, "நான் ராசாத்தி" என்றாள். அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்காக உடனே ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்தாள் என்று நினைக்காதீர்கள். மெதுவாகத்தான் நடந்தது. முதலில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் கட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். "அது அப்பா இல்ல" என்ற பிடிவாதம் மட்டும் விடவில்லை. மிஸ்ஸி அக்கா அதையும் லேசாக எடுத்துக்கொண்டார். "சரிலா, அது போட்டோ அப்பா. இது சயாம் அப்பா. ரெண்டு அப்பா இருந்தா நல்லதுதானே?" அம்மாவுக்கு அது அபசகுனமாகப் பட்டது. இரண்டு நாள் அக்காவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தங்கச்சி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை அவரைச் சயாம் அப்பா என்றுதான் அழைத்தாள்.

திரைச் சாக்கை யார் அவிழ்த்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அதில் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது.

கார்டு வீட்டு அத்தை பிற்பாடு வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, "அண்ணே, எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?" என்றார். மிஸ்ஸி அக்காவைத் தவிர்த்துப் பெரியவர்களில் அப்பாவிடம் முதலில் கேள்வி கேட்டது அத்தைதான். கடைசியாகப் பார்த்தபோது நடமாட்டமாக இருந்தார், தனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அப்பா சொன்னதை நான் சொன்னேன். அத்தை அப்படியே உட்கார்ந்து, "கஞ்சி குடுத்தாரா? கையில எடுத்துட்டு வந்தாரா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவர் புருஷன் திரும்பி வரவே இல்லை. ஆனால் அன்று முதல் கிழங்கு ஊட்டும்போது பலகைச் சுவருக்கு அப்பால் வேறு ஏதேதோ கதை கேட்டது.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மிஸ்ஸி அக்காவைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அவரைப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் ரயிலில் போனோம். சயாமிலிருந்து திரும்பிய பிறகு அப்பா வெளியூர் கிளம்பியது அதுதான் முதல் தடவை. வண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் அப்பாவுக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. எதிரில் ஒரு அம்மாள் மூட்டையும் கைக்குழந்தையுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பெரிய பையன் அப்பாவைப் பார்த்துவிட்டு வீரிட்டான். "பாக்காதடா" என்று அந்த அம்மாள் கையால் அவன் கண்ணை மூடினார்.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். தங்கச்சி இருக்கையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் போனாள்.

"அவருக்குக் கல்லு பட்டுடுச்சு. ஒட்டிக்காது. உன் பேரு என்ன?"

பையன் தாயின் விரலிடுக்கில் பார்த்தான்.

"பயமா இருந்தா அப்புறமா வா," என்றாள் தங்கச்சி. "நாங்க கிள்ளான் வரைக்கும் இங்கதான் இருப்போம்."

அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, மகனின் கண்ணிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரம் எங்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிள்ளான் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து வந்தார்.

காப்பார் சாலைப் பக்கம் மிஸ்ஸி அக்காவின் வீடு. அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா இவரு அந்த அறையிலயே போயிருப்பாரு மிஸ்ஸி."

"நான் என்னக்கா செஞ்சேன்? பிள்ளைங்க கேட்டுச்சு, அண்ணன் சொன்னாரு," என்று கையை விடுவித்துக்கொண்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். எப்படியோ அரிசி சேர்த்து வைத்திருந்தார். யுத்தத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் வெள்ளைச் சோறு அது. மீன் குழம்பு கொதிக்கும் வாசனைக்கே எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அக்கம்பக்கத்து ஆட்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கூடத்தில் வட்டமாக இலை போட்டார்கள்.

வெளியார் முன்னால் அப்பா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வாயை முழுக்க மூட முடியாததால் சோறு வழிந்துவிடும். அம்மா அவருக்குத் தனியாக எடுத்து வைக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அப்பா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வட்டத்தில் எல்லோருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். தங்கச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோறு சிந்தியது. ஒரு பிள்ளை பார்த்தது, பிறகு தன் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டது. அப்பா நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டு, இலையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.